பதில்: பெண்டுலம் இல்லாத பிரெஞ்சு கடிகாரம்

வணக்கம். முகப்பில் உள்ள பாரிஸ் பெயர்தான் செய்தவரா, எந்த நீளத்தில் பெண்டுலம் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். முகப்பில் இருப்பது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். இயந்திரம் யாருடையது என்பதைப் பின்தகட்டு முத்திரைதான் சொல்லும். உங்கள் படத்தில் 'ஜாப்பி ஃப்ரேர்' தெளிவாகவே தெரிகிறது. பிரான்சில் போக்கூர் என்ற ஊரில் இருந்த பெரிய கடிகாரத் தொழிற்சாலை, நம்பகமான வேலை.

முத்திரைக்குக் கீழே '4 6' என்று பொறித்திருக்கிறதே, அதுதான் பெண்டுலத்தின் நீளம்! பழைய பிரெஞ்சு அளவில் 4 அங்குலம், அங்குலத்தில் 12-இல் ஒரு பங்காக 6. சுமார் 12.2 செ.மீ. வரும். அதற்கு நெருக்கமாக ஒன்று வாங்குங்கள். மிச்ச வித்தியாசத்தை, முகப்பில் 12 என்ற எண்ணுக்கு மேலுள்ள சின்னத் துளையில் சாவியின் மெல்லிய முனையை விட்டுத் திருப்பிச் சரிசெய்யலாம்.

தயவுசெய்து தங்க முலாமில் பித்தளை பாலிஷ் போடாதீர்கள், முலாம் தேய்ந்துவிடும்.