யூகிக்கக்கூடிய கதையை மிரட்டலான கிராபிக்ஸ் ஈடுகட்டுமா?

கேள்வியில் ‘அவதார்’ படத்தைக் குறிப்பிட்டு, முடிவு அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிற கதையைக் கண்ணைப் பறிக்கும் காட்சிகளுக்காக மன்னித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் வாய் ஓயாமல் வியந்து பேசிக்கொண்டிருக்க, நீங்கள் ஒருவர் மட்டும் ஏதோ குறைகிறதே என்ற எண்ணத்துடன் ஏதோ ஒரு பிரம்மாண்டப் படத்திலிருந்து வெளியே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் குறை இன்னதென்று பிடிபடாததால், கதை யூகிக்கும்படி இருந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டியிருக்கலாம். அந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் திரைப்பட விமர்சகன் அல்லன். சென்னையில் வி.எஃப்.எக்ஸ். நிறுவனங்களில், அதாவது படங்களுக்குக் கணினியில் காட்சி விளைவுகள் செய்துகொடுக்கும் இடங்களில், பத்தாண்டுகளுக்கும் மேலாக வேலை பார்க்கிறேன். ரோட்டோவில் தொடங்கி, பெயிண்ட் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து, இப்போது காம்ப் செய்கிறேன். நடிகரைப் பின்னணியிலிருந்து பிரிப்பதற்காக ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது படச்சுருளின் ஒவ்வொரு தனிப்படத்திலும், அவருடைய உருவத்தின் ஓரத்தைக் கோடிட்டு எடுப்பது ரோட்டோ. கயிறு, கிரேன், வேடிக்கை பார்க்கும் ஆள் என்று காட்சியில் இருக்கக் கூடாதவற்றைத் தடம் தெரியாமல் அழிப்பது பெயிண்ட். தனித்தனியாகத் தயாரானவற்றை ஒரே வெளிச்சத்தில் நிற்பவைபோல் ஒன்றுசேர்ப்பது காம்ப். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்பதால், திரையில் வந்ததும் போனதும் தெரியாமல் கடந்துவிடும் ஒரு ஷாட் எங்களுக்குப் பல நாள் வேலையாக இருக்கும். இதைச் சொன்னதும், தன் தொழிலைத் தூக்கிப்பிடிக்கத்தான் எழுதுகிறான் என்று சிலரும், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறான் என்று வேறு சிலரும் சொல்லக்கூடும். முழுவதும் படித்த பிறகு அவர்கள் எது வேண்டுமானாலும் சொல்லட்டும்.

முதலில், கதை யூகிக்கக்கூடியதாக இருப்பது ஒரு குற்றமே இல்லை. எங்கள் ஊர் செய்யாற்றுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமம். அந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக்காலத்தில் பாரத விழா நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம். திடலில் துரியோதனனை மல்லாந்து கிடக்கும் கோலத்தில், ஒரு வீட்டைவிட நீளமாக மண்ணால் செய்து வைத்திருப்பார்கள். தொடைக்குள் செந்நிற நீர் நிரப்பிய பானையைப் புதைத்திருப்பார்கள். துரியோதன வேடமும் வீம வேடமும் கட்டியவர்கள் அந்த மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றிச் சண்டையிட்டு, கடைசியில் வீமன் தொடையைப் பிளக்கும்போது சிவப்பு நீர் பீறிட்டு வரும். துரியோதனன் சாவான் என்பது தெரியாதவர் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். என் அம்மா நினைவு தெரிந்த நாள் முதல் ஆண்டுதோறும் படுகளம் பார்ப்பவர். அப்படியிருந்தும், வீமன் கதாயுதத்தை ஓங்கும் நேரத்தில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சபையில் கூந்தலைப் பிடித்து இழுக்கப்பட்ட ஒருத்தி, அதை முடியாமல் விரித்துப்போட்டுக்கொண்டு சபதம் செய்ததை அவர் முந்தைய இரவுகளில் கண்விழித்துப் பார்த்திருந்தார். அந்த இரவுகள்தாம் சாயத் தண்ணீரை ரத்தமாக்கின. மண்ணுருவம் இன்னும் பத்தடி நீளமாக இருந்திருந்தாலும், அந்த இரவுகள் இல்லையென்றால் அது வெறும் மண்ணாகவே கிடந்திருக்கும்.

நீங்கள் சொன்ன ‘அவதார்’ படத்துக்கு 2010ஆம் ஆண்டு ஒளிப்பதிவு, கலை இயக்கம், காட்சி விளைவுகள் ஆகிய மூன்றுக்கு ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த படத்துக்கான விருது கிடைக்கவில்லை. அதன் கதை புதிதன்று என்று அப்போதே உலகம் முழுவதும் எழுதினார்கள். எழுதியது உண்மைதான். ஆனால் அதில் ஒரு ஷாட்டை நினைத்துப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் இருக்கும் வீரன், தன் மனத்தால் இயக்கக்கூடிய வேற்றுக்கிரகவாசியின் நீல உடம்பில் முதன்முதலாக விழித்ததும், மருத்துவர்கள் தடுப்பதைக் கேளாமல் வெளியே ஓடுகிறான். ஓடி நின்று, கால்விரல்களை மண்ணுக்குள் அழுத்திப் புதைக்கிறான். அந்த விரல்களும் கணினியில் செய்தவைதாம். பறக்கும் மலைகளைப் பார்த்து எனக்கு வியப்பு வந்தது. அந்த விரல்களைப் பார்த்தபோது, அவன் இனித் தன் பழைய உடம்புக்குத் திரும்ப விரும்ப மாட்டான் என்று புரிந்தது. கதையின் முடிவை நீங்கள் யூகித்தீர்கள் என்றால், அந்த விரல்களைப் பார்த்துத்தான் யூகித்திருப்பீர்கள். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2012இல் வந்த ‘லைஃப் ஆஃப் பை’ படமும் அப்படித்தான். நடுக்கடலில் தவித்த சிறுவன் பிழைத்துவிட்டான் என்பதை, பெரியவனாகி உட்கார்ந்து அவனே கதை சொல்வதால், தொடக்கத்திலேயே அறிந்துவிடுகிறோம். பெரும்பாலான ஷாட்களில் புலி கணினியில் உருவானது. கரை சேர்ந்த பிறகு அந்தப் புலி திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போகும்போது அவன் அழுவது நமக்குப் புரிகிறதே, அதற்குப் புலியின் ரோமம் ஒவ்வொன்றும் காற்றில் சரியாக அசைந்ததும் ஒரு காரணம். அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்த அதே 2013 பிப்ரவரி மாதத்தில் திவாலானதாக மனுச் செய்தது. எங்கள் துறையில் இருப்பவர்களால் அந்த மாதத்தை மறக்க முடியாது.

இனி என் கதைக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைக் கண்டதும் உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய படத்தில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். இறுதிச் சண்டையில் நகரம் இடிந்து விழ வேண்டும். முதலில் மூன்று கட்டடங்கள் என்றுதான் திட்டம். படத்தை ஓரளவு தொகுத்து, வெளியாட்கள் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது, இடைவேளைக்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது என்று அவர்கள் சொன்னார்களாம். அதற்குக் கண்டுபிடித்த மருந்து, மூன்று கட்டடங்களை ஏழாக்குவது. “சிஜியில பாத்துக்கலாம்” என்ற ஒரு வாக்கியம் எங்கள் துறையில் உண்டு; சிஜி என்றால் கணினி வரைகலை. மழை வந்து படப்பிடிப்பு கெட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வசனம் சரியாக அமையாவிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நீங்கள் கேட்ட ‘ஈடுகட்டுதல்’ எங்கள் மேசைக்கு வந்து சேரும் வடிவம் அது.

எனக்கு வந்தவற்றுள் 9 விநாடி ஷாட் ஒன்று இருந்தது, 216 ஃப்ரேம். அதிகாலையில் உண்மையான ஒரு தெருவில், கிரேனில் கேமராவை வைத்து மேலிருந்து கீழே இறக்கி எடுத்திருந்தார்கள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு டீக்கடை. தோளில் துண்டு போட்ட ஒருவர் கண்ணாடி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், கிரேனைக் கண்டதும் பாதியிலேயே கையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை மேலே கைநீட்டிக் காட்டியது. ஒரு நாய் படுத்தபடியே காதை மட்டும் விறைத்தது. “தெருவை கிளீன் பண்ணிடு, பிறகு சிஜியில் கூட்டம் சேர்த்துக்கொள்வோம்” என்பது எனக்கு வந்த குறிப்பு.

கேமரா நகர்வதால், ஆளை அழித்த இடத்தில் பின்னால் இருக்கும் சுவரை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதே கோணத்தில் கட்டிக்கொண்டு வர வேண்டும். டீ குடித்தவரை அழிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. முடித்துவிட்டேன் என்று அனுப்பினால், தரையில் தேங்கியிருந்த தண்ணீரில் அவருடைய பிம்பம் மட்டும் நின்றுகொண்டிருப்பதை சூப்பர்வைசர் கண்டுபிடித்துத் திருப்பியனுப்பினார். மறுநாள் அதையும் அழித்தேன். நான்காம் நாள் தெரு காலியாயிற்று. வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

பின்னர் சேர்ப்பதாகச் சொன்ன கூட்டம் வரவேயில்லை. வெளியீட்டுத் தேதி நெருங்கியதும், ஓடும் மனிதர்களைச் செய்ய நேரமில்லை என்று அதைக் கைவிட்டு, புகையையும் தூசியையும் கூட்டிவிட்டார்கள்.

படம் வந்த இரண்டாம் நாள் அம்மாவையும் அக்காவையும் ஆரணிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். ஏழு கட்டடங்களும் விழுந்தன. அரங்கில் விசில் பறந்தது. அதை மறைக்க மாட்டேன். என் ஷாட் வந்தபோது அக்காவின் காதில் “இது நான் செய்தது” என்றேன். அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ஏம்பா, இவ்ளோ பெரிய ஊர்ல ஜனங்களே இல்லியா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாயகன் ஜெயிப்பான் என்பது அவருக்கு முதலிலேயே தெரியும்; அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இடிவது யார் வீடு, உள்ளே இருந்து ஓடிவருவது யார் என்பதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அங்கே இருந்தவர்களை நான்கு நாள் உட்கார்ந்து அழித்தவன் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். நான் நின்று பார்த்தேன். என் பெயர் அதில் இல்லை. அந்த வருத்தம் தனி; ஒரு படத்தில் வேலை செய்த அத்தனை பேருடைய பெயரும் திரையில் வர வேண்டும் என்பதை எத்தனை முறை கேட்டும் எங்கள் துறையில் இன்னும் அது கெஞ்சிப் பெறுவதாகவே இருக்கிறது. ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா கேட்டதுதான் காதில் இருந்தது.

இதை வைத்துக்கொண்டு, கதைதான் எல்லாம், கிராபிக்ஸ் வெறும் ஜிகினா என்று யாரும் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். அப்படிப் பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், இரண்டு மணி நேரத்துக்கும் மேலான நீளத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவது ஏறத்தாழ 15 நிமிடம் மட்டுமே. தீவில் விலங்குகள் கூண்டை விட்டு வெளியேறும் என்பதைச் சின்னக் குழந்தைகூட யூகித்துவிடும். ஆயினும் காருக்குள் வைத்த டம்ளர் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை எழும்போது நம் வயிற்றில் ஏதோ செய்கிறது. டம்ளருக்கு அடியில் ஒரு கித்தார் தந்தியைக் கட்டி அதிரவைத்து அந்த அலையை உண்டாக்கினார்கள். அதுவும் ஸ்பெஷல் எஃபெக்ட்தான். விலங்கு வருவதற்கு முன்பே, காருக்குள் இருக்கும் குழந்தைகளுக்காக நம்மைப் பயப்பட வைத்துவிட்ட எஃபெக்ட்.

நம் பக்கத்திலேயே 2012இல் வந்த ‘நான் ஈ’ இருக்கிறது. கொலையானவன் ஈயாகப் பிறந்து பழிவாங்குவான் என்றால் முடிவு என்னவாக இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அந்த ஈயால் பேசவும் முடியாது. மனித முகம்போல் உணர்ச்சி காட்டவும் முடியாது. கால்களைத் தேய்ப்பதிலும், தலையைச் சாய்ப்பதிலும், சிறகை அடிப்பதிலும் அதன் கோபத்தையும் காதலையும் கொண்டுவந்தவர்கள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தாம். அங்கே கிராபிக்ஸ் எதையும் ஈடுகட்டவில்லை, கதாநாயகனே அதுதான். அந்த ஆண்டுக்கான சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் தேசிய விருது அந்தப் படத்தின் தெலுங்கு வடிவமான ‘ஈகா’வுக்குக் கிடைத்தபோது எங்கள் அலுவலகத்தில் நாங்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம், அதில் எங்களுக்கு ஒரு ஷாட்கூட இல்லாவிட்டாலும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்கள் யூகித்துவிட்ட ஒரு கதையைக் காட்சிகள் தாங்கி நிற்கும், இன்னாருக்கு இது நடக்கிறது என்ற அக்கறை இல்லாத கதையை எழுபது கட்டடங்களை இடித்தாலும் தாங்க முடியாது. பார்த்த படத்தில் எது குறைந்தது என்பதை நீங்கள் மீண்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். என் அனுபவத்தை எல்லாப் படங்களுக்கும் பொருத்துவது சரியில்லை என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: ஏழு கட்டடங்கள் விழுந்த அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், அவர்களுடைய மகிழ்ச்சியை நான் பொய் என்று சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, வேறொரு படத்தில், வெள்ளம் புகும் தெரு ஒன்று என்னிடம் வந்தது. அதே குறிப்புதான்: கிளீன் செய். வலது ஓரத்தில் இளநீர் வண்டிக்காரர் ஒருவர் கையில் அரிவாளுடன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரை மட்டும் விட்டுவிடலாமா, தண்ணீர் வரும் திசையைத்தான் பார்க்கிறார் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் ஷாட்டை நான்கைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்தப் படத்தில் இளநீர்க்காரர் 30 ஃப்ரேம் இருக்கிறார், ஒன்றேகால் விநாடி.