புது பல்பு போட்டும் எரியாத ஸ்பாட் லைட்

கேள்வி: ஃபால்ஸ் சீலிங்கில் 12 வோல்ட், 50 வாட் ஹாலஜன் ஸ்பாட் லைட்டுகள் மூன்று, ஒரே எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கின்றன. ஒன்று மட்டும் எரியவில்லை. புது பல்பு போட்டும் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதா?

பதில்: மற்ற இரண்டும் எரிகிறபோது டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எம்.சி.பி.யை அணைத்து, பல்புகள் ஆறியபின், எரிகிற விளக்கின் பல்பை எடுத்து எரியாததில் மாட்டிப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் கோளாறு ஹோல்டரில் அல்லது அதற்குப் போகும் வயரில்.

பெரும்பாலும் ஹோல்டர்தான். 12 வோல்ட்டில் 50 வாட் என்றால் 4 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. உள்ளே பல்பின் கால்களைப் பிடிக்கும் தகடு கொஞ்சம் தளர்ந்தாலே அந்த இடம் சூடாகும். சூட்டில் தகடு இன்னும் தளரும், கறுக்கும், கடைசியில் தொடர்பே விட்டுப்போகும். கழற்றிய பல்பின் கால்களைப் பாருங்கள். கருப்பேறி, பொடிப்பொடியாக அரித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது சில வாரத்துக்குத்தான் தாங்கும், புது பல்பின் காலையும் கெடுக்கும். செராமிக் ஹோல்டரையே மாற்றுங்கள். சூடு தாங்கும் வயரோடு சேர்ந்தே வருகிறது. இணைப்புக்கு செராமிக் கனெக்டர் போடுங்கள். இன்சுலேஷன் டேப் அந்தச் சூட்டில் இளகிவிடும். ஹோல்டர் சுத்தமாக இருந்தால், பழைய கனெக்டரின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: இவ்வகை டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீடு பல்லாயிரம் ஹெர்ட்ஸில் துடிப்பது. சாதாரண மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. அதை நம்பி நல்ல டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல்பைச் சோதிக்க மீட்டர் போதும்: கழற்றிய நல்ல ஹாலஜன் பல்பு 1 ஓமுக்கும் குறைவாகக் காட்டும்.

கேள்வி: மூன்றையும் 5 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால்?

பதில்: மினுக்கும், அல்லது எரியவே எரியாது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் ‘50–150W’ என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண்தான் குறைந்தபட்ச சுமை, அதாவது அதில் மாட்டும் பல்புகளின் மொத்த வாட் அதற்குக் குறையக் கூடாது. உங்கள் மொத்தம் 15 வாட். அவ்வளவு குறைந்த சுமையில் டிரான்ஸ்ஃபார்மர் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். அதை எடுத்துவிட்டு 12 வோல்ட் டி.சி. எல்.இ.டி. டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்ற மின்சாரம் தரும் சிறு பெட்டி), 20 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள். டிரைவரின் உள்ளீட்டில் மெயின் சப்ளை வருவதால் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. சுவிட்ச்போர்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருந்தால் அதையும் கழற்றச் சொல்லுங்கள். டிம்மருக்கென்று செய்யாத டிரைவர் அதோடு ஒத்துப்போகாது.