வாசகர் கேள்வி பதில்: கட்டம் சரியான்னு பாத்துட்டு பலனுக்குப் போங்க

கேள்வி: சார், எனக்கு ஜாதகம் பாக்கக் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. யூட்யூப்ல வீடியோ போட்டா முதல் வீடியோவிலயே கேந்திரம், திரிகோணம், நீசபங்க ராஜயோகம்னு போயிடறாங்க, தலையும் புரியல வாலும் புரியல. கையில என் ஜாதக நோட்டு மட்டும் இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கறது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: யோகத்தை எல்லாம் ஒரு ஓரமா வைங்கம்மா, அது எங்கயும் ஓடிப் போகாது. கொஞ்ச நாளைக்கு யாருக்கும் பலன் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டு கட்டத்தை வாசிக்க மட்டும் பழகுங்க. நீங்க பொறந்த நேரத்துல எந்த கிரகம் எந்த ராசியில இருந்துச்சுன்னு எழுதி வச்ச குறிப்புதான் கட்டம், நல்லது கெட்டது எல்லாம் அதுக்கப்பறம் வர்ற பேச்சு.

நோட்டைத் தொறந்தா ரெண்டு கட்டம் இருக்கும், ராசின்னு ஒண்ணு, அம்சம்னு ஒண்ணு. அம்சத்து மேல ஒரு பேப்பரை வச்சு மூடிடுங்க, இப்ப அது வேண்டாம். ராசிக் கட்டத்துல மேல் வரிசையில இடது பக்கத்துல இருந்து ரெண்டாவது மேஷம். அங்கிருந்து கடிகார முள் சுத்தற திக்குல ரிஷபம், மிதுனம், கடகம்னு போயி மேல் இடது மூலையில மீனத்துல முடியும். இது யாருக்கும் மாறாது. 'ல'ன்னு போட்டிருக்கறது லக்னம், ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி நகர்ற ஆள் அவர்தான். லக்னம் இருக்கற கட்டத்தையே ஒண்ணுன்னு எண்ணணும். புதுசா கத்துக்கறவங்க அதை விட்டுட்டு அடுத்த கட்டத்துல இருந்து எண்ணிட்டு, எட்டாமிடத்தைப் பாத்துக்கிட்டே ஏழாமிடத்துக்குப் பலன் தேடிட்டு இருப்பாங்க.

இப்ப கட்டம் சரியான்னு நீங்களே எப்படி சோதிக்கறதுன்னு சொல்றேன், இதைத்தான் வீடியோக்காரங்க யாரும் சொல்லித் தர்றதில்ல. முதல்ல சூரியன். நீங்க பொறந்த மாசத்தை வச்சே சூரியன் எங்க இருக்கணும்னு தெரிஞ்சிடும், இதுல நம்ம தமிழ்நாடு-கேரள எல்லைக்காரங்களுக்கு ஒரு வசதி, மலையாள மாசத்துக்குப் பேரே அந்த ராசிதான். மேடம்னா மேஷம், சிங்கம்னா சிம்மம், துலாம்னா துலாம். ஆவணியில பொறந்தவங்களுக்கு சூரியன் கன்னியில இருந்தா எங்கயோ தப்பு. அடுத்து புதன், அவர் சூரியனை விட்டு 28 பாகைக்கு (டிகிரி) மேல போகவே மாட்டார், ஒரு கட்டம் 30 பாகை, அதனால சூரியன் இருக்கற கட்டத்துலயோ அதுக்கு முன்னாடி பின்னாடி கட்டத்துலயோதான் இருக்கணும். சுக்கிரன் கொஞ்சம் தாராளம், 48 பாகை வரைக்கும் போவார், ஆனா ரெண்டு கட்டத்தைத் தாண்ட மாட்டார். ராகுவும் கேதுவும் எப்பவும் நேருக்கு நேர். அமாவாசை அன்னிக்குப் பொறந்திருந்தா சந்திரன் சூரியன்கிட்டயே இருப்பார், பௌர்ணமின்னா எதிர்ல.

அப்பறம் பொழுது. சூரியன் உதிக்கறப்ப பொறந்தா சூரியன் லக்னத்துலயே இருப்பார், உச்சி வெயில்னா பத்தாமிடம் பக்கம், அந்தி சாயறப்பன்னா ஏழு, நடுராத்திரின்னா நாலு. ராத்திரி பத்து மணிக்குப் பொறந்த குழந்தைன்னு சொல்றாங்க, கட்டத்துல சூரியன் பதினொண்ணாமிடத்துல உக்காந்திருக்கார்னு வைங்க, யாரோ ஏஎம் பிஎம்மை மாத்திப் போட்டுட்டாங்க, அந்த லக்னத்தை வச்சு எவ்வளவு பெரிய ஜோசியர் பலன் சொன்னாலும் அது வேற யாரோட பலனோதான். ஒண்ணு ஞாபகம் வைங்க, புதன், சுக்கிரன், பொழுது இந்த சோதனை எல்லாம் ராசிக் கட்டத்துக்கு மட்டும். அம்சத்துல புதன் எங்க வேணா இருப்பார்.

வீட்ல இருக்கற எல்லா ஜாதகத்தையும் எடுத்து இப்படி சோதிச்சுப் பாருங்க. குரு ஒரு ராசியில ஒரு வருஷம், ராகு கேது ஒண்ணரை வருஷம், சனி ரெண்டரை வருஷம், சந்திரன் ரெண்டே கால் நாள். இது மனசுல ஏறிடுச்சுன்னா ஒரே வருஷத்துல பொறந்த அத்தை பொண்ணு ஜாதகத்துல எதெல்லாம் உங்களுது மாதிரியே இருக்கும், எது மாறும்னு நோட்டைப் பாக்காமலே சொல்லிடுவீங்க.

கேள்வி: எங்க அப்பத்தாவோட தலக்குறி (ஜாதகக் குறிப்பு) மலையாளத்துல இருந்துச்சு, சித்தப்பா அதைத் தமிழ் எழுத்துல மாத்தி எழுதிக் குடுத்தார். கொல்லம் 1118 மேடம், நாள் சோதி, உதயத்துல இருந்து 10 நாழிகைன்னு இருக்கு. கட்டத்துல ரெண்டு எடத்துல 'கு' வருது, 'ம', 'மா', 'சி'ன்னும் இருக்கு. ஆப்ல போட்டா ரிஷப லக்னம்ங்குது, தலக்குறியில மிதுனம். எது சரி?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: அருமையான ஜாதகம் தம்பி, பத்திரமா வைங்க. உங்க சித்தப்பா மேல தப்பில்ல, மலையாளத்துல குருவுக்கு வேற எழுத்து, குஜனுக்கு வேற எழுத்து, தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'கு'தான். குஜன்னா செவ்வாய். 'ம' வந்து மந்தன், அதாவது சனி. 'மா' மாந்தி, சனியோட உபகிரகம், கேரளத்து ஜாதகத்துல மாந்தி இல்லாம கட்டமே போட மாட்டாங்க. 'சி' சிகி, அது கேது. அதுக்கு நேர் எதிர்ல 'ஸ'ன்னோ 'ச'ன்னோ இருக்கான்னு பாருங்க, அது சர்ப்பன், ராகு. ஆனா சந்திரனுக்கும் 'ச'தான் போடுவாங்க, அதையும் சனின்னு படிச்சிடாதீங்க, 'சி'க்கு எதிர்ல இருக்கறவர் ராகு, இன்னொருத்தர் சந்திரன்.

இப்ப ரெண்டு 'கு'வுல குரு யாரு? இதுக்குப் பொறந்த நேரம்கூட வேண்டாம், வருஷம் போதும். கொல்லம் 1118 மேடம்னா 1943 ஏப்ரல் மே. அப்ப குரு மிதுனத்துல இருந்தார். மிதுனத்துல இருக்கற 'கு' குரு, மத்தது செவ்வாய். சனி அப்ப ரிஷபத்துல, உங்க 'ம' அங்க இருந்தா தலக்குறி எழுதினவர் கணக்குல கெட்டிக்காரர். நாள் சோதின்னா நம்ம சுவாதி, அது முழுக்க துலாம்தான், மேஷத்துல சூரியன் துலாத்துல சந்திரன், அப்ப அப்பத்தா பொறந்தது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. வீட்ல பெரியவங்க யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

லக்னத்துக்கு வருவோம். ஒரு நாழிகை 24 நிமிஷம், 10 நாழிகைன்னா 4 மணி நேரம். மேஷத்துல சூரியன் உதிச்சு 4 மணி நேரம் ஆச்சுன்னா மேஷம் ரிஷபம் தாண்டி மிதுனம் ஓடிட்டு இருக்கும், அப்ப தலக்குறி சரி. ஆப் ஏன் ரிஷபம்ங்குதுன்னா, அங்கதான் யுத்தம் வருது. ரெண்டாம் உலக யுத்தத்துல 1942 செப்டம்பர்ல இருந்து 1945 அக்டோபர் வரைக்கும் இந்தியா முழுக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்க. சில ஆப் இதை தானாவே கணக்குல எடுத்துக்கும். நீங்க சூரியோதயம் 6.10, கூட 4 மணி நேரம், 10.10னு போட்டிருப்பீங்க, ஆப் அதை யுத்த கால மணின்னு நெனச்சு 9.10 ஆக்கிடும், லக்னம் ரிஷபத்துக்குப் போயிடும். ஆப்ல டைம்ஸோன் 6.30ன்னு காட்டுதான்னு பாருங்க, அப்படின்னா 11.10னு போடுங்க, மிதுனம் வந்துடும். நாழிகையில எழுதி வச்சவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல, சூரியனை எந்த சர்க்காரும் தள்ளி வைக்க முடியாது.

ஊர் பேரையும் பாலக்காடுன்னே போடுங்க, சில ஆப் தானா சென்னைன்னு எடுத்துக்கும், அங்க பொழுது நம்மளை விட ஏறக்குறைய கால் மணி நேரம் முன்னாடி.

கேள்வி: பேரன் 2025 ஆகஸ்ட்ல பொறந்தான். சம்பந்தி வீட்ல பொள்ளாச்சி ஜோசியர் கணிச்சதுல சனி கும்பத்துல, நாங்க இங்க பாலக்காட்டு சித்தூர்ல கணிச்சதுல மீனத்துல. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வளந்துட்டே போகுது சார்.
– வாசகர், வண்டித்தாவளம்

பதில்: ரெண்டு பேர் கணக்கும் சரி, பஞ்சாங்கம்தான் வேற. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 அன்னிக்கே மீனத்துக்கு வந்துட்டார். வாக்கியப்படி 2026 மார்ச் 6, திருநள்ளாறுல சனிப்பெயர்ச்சி நடக்கறது வாக்கியக் கணக்குலதான். இந்த இடைவெளியில பொறந்த எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சண்டை இருக்கு. 2023லயும் இதே கதைதான், திருக்கணிதத்துல ஜனவரி 17, வாக்கியத்துல டிசம்பர் 20.

வாக்கியம் பழைய சூத்திரத்தை மனப்பாடமா வச்சு போடற கணக்கு, திருக்கணிதம் வானத்துல இப்ப கிரகம் இருக்கற இடத்தோட ஒத்துப் போகற மாதிரி திருத்தின கணக்கு. திருத்தறது ஏதோ நேத்து வந்த பழக்கம்னு நெனைக்காதீங்க, நம்ம பாரதப்புழைக் கரையில இருந்த பரமேஸ்வரன் பல வருஷம் கிரகணங்களைப் பாத்து, பழைய கணக்கு தள்ளிப் போகுதுன்னு 1431லயே புதுக் கணக்கு போட்டார், அதுக்குப் பேரே திருக்கணிதம். என்னைக் கேட்டா ஜாதகம் கணிக்க திருக்கணிதம்தான், கோயிலுக்குப் போக கோயில் சொல்ற நாள். சம்பந்திகிட்ட ஜெயிக்கணும்னு இல்ல, நோட்டு மேல எந்தப் பஞ்சாங்கம்னு எழுதி வச்சாப் போதும், நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பாக்கறப்ப ரெண்டையும் கலந்து யாரும் பொருத்தம் பாத்துடக் கூடாது.

கேள்வி: கட்டம் பாக்க ஓரளவு பழகிட்டேன். எங்க தெருவுல யார் ஜாதகத்தைப் பாத்தாலும் செவ்வாய் தோஷமாவே இருக்கே, நான் பாக்கறது தப்பா?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: நீங்க பாக்கறது சரிதான்மா, விதியே அப்படி. செவ்வாய் 2, 4, 7, 8, 12ல இருந்தா தோஷம்ங்கறது நம்ம பக்கத்துக் கணக்கு. 12 இடத்துல 5 இடம். லக்னத்துல இருந்து மட்டும் எண்ணினாலே பாதிக்குக் கொஞ்சம் கம்மியான பேர் மாட்டுவாங்க. சந்திரனுக்கும் எண்ணினா உத்தேசமா மூணுல ரெண்டு பேருக்கு எங்கயாவது ஒண்ணுல தோஷம் வந்துடும், சுக்கிரனுக்கும் எண்ணினா தப்பிக்கறவங்களைத்தான் தேடணும். அதனாலதான் விதிவிலக்குன்னு ஒரு நீளப் பட்டியலும் கூடவே வச்சிருக்காங்க. கேரளத்துல பாபசாம்யம்னு, செவ்வாய் ஒருத்தரை மட்டும் பிடிச்சுத் தொங்காம பாவ கிரகம் எல்லாத்துக்கும் மதிப்பு போட்டு ரெண்டு ஜாதகத்தையும் தட்டுல வைக்கற மாதிரி பாப்பாங்க, எனக்கு அது எவ்வளவோ தேவலைன்னு தோணும். எதுவா இருந்தாலும் தெருவுல பொண்ணு வச்சிருக்கற வீட்ல போய் வாயைத் திறந்துடாதீங்க. பலன் நம்பறவங்க விஷயம், ஆனா ஒரு கல்யாணம் தட்டிப் போனா அது நெஜம்.

கேள்வி: பர்த் சர்டிஃபிகேட்ல என் பையன் செவ்வாய்க்கிழமை ராத்திரி 2.40ன்னு இருக்கு, ஜாதகத்துல திங்கள்கிழமைன்னு எழுதியிருக்காங்க. திரும்பக் கணிக்கணுமா?
– வாசகர், வாளையார்

பதில்: வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நடுராத்திரி 12 மணிக்கு நாள் மாறும், ஜாதகத்துல சூரியன் உதிச்சாத்தான் அடுத்த கிழமை, அதனால விடியக்காலம் 2.40 மணியும் திங்கள்தான். ஆப்ல போடறப்ப மட்டும் சர்டிஃபிகேட்ல இருக்கற தேதியைப் போடுங்க, ஜாதகத்துக் கிழமையைப் பாத்து ஒரு நாள் பின்னாடி போட்டீங்கன்னா நட்சத்திரமே மாறிடும்.