எடை குறைந்த பின் தொங்கும் வயிற்றுத் தோல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரைப்பை அறுவை சிகிச்சையாலோ, வாராந்திர ஊசியாலோ, உணவுக் கட்டுப்பாட்டாலோ 30, 40 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் ஒரு கூச்சம் தெரிகிறது. இவ்வளவு எடை குறைந்ததே பெரிது, தோலைப் பற்றியும் கேட்பது பேராசையாகிவிடுமோ என்று தயங்கியே எழுதியிருக்கிறார்கள். பேராசை அல்ல. உடல் பருமன் என்னும் நோய் விட்டுச் சென்ற மிச்சம்தான் அந்தத் தோல் என்பதே ஓர் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவராக (பிளாஸ்டிக் சர்ஜனாக) என் உறுதியான கருத்து.

நடைப்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் 118 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஓர் ஆண்டாகத் தினமும் வயிற்றுப் பயிற்சி செய்தும் அடிவயிற்றுத் தோல் அப்படியே தொங்குகிறது. இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தால் இறுகுமா? (34 வயது, திருச்சி)

இறுகாது, அது உங்கள் முயற்சியின் குறையும் அல்ல. தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் நார்கள் வலைபோல் பின்னியிருக்கின்றன. பல ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில் இந்த நார்கள் மெலிந்தும் அறுந்தும் போய்விடுவதால், உள்ளிருந்த கொழுப்பு கரைந்த பின் தோலை மீண்டும் இழுத்துப் பிடிக்க அவற்றுக்கு வலு இருப்பதில்லை. வயிற்றில் வெள்ளை வரிகள் இருந்தால், அவை அந்த நார்கள் அறுந்ததற்கான அடையாளமே. பயிற்சி வலுப்படுத்துவது தோலுக்கு அடியிலுள்ள தசையை மட்டும்தான். எண்ணெய்த் தேய்ப்பும் களிம்பும் இவ்வளவு தளர்ந்த தோலைச் சுருக்கப் போவதில்லை; இளம் வயதில் கொஞ்சம் எடை குறைத்தவர்களுக்கு முதல் ஓராண்டில் தோல் தானாகச் சற்றுச் சுருங்குவதுண்டு, உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். முன்பக்கம் லேசாகக் குனிந்து, தொங்கும் மடிப்பை இரு விரல்களால் பிடியுங்கள். மெல்லிய துணிபோல் கையில் வந்தால் அது வெறும் தோல், அறுவை சிகிச்சையால் நல்ல பலன் கிடைக்கும். தடிமனாக இருந்தால் தோலுக்கு அடியில் இன்னும் கொழுப்பு இருக்கிறது. பிடிக்கவே வராமல் வயிறு இறுகி முன்தள்ளியிருந்தால் கொழுப்பு தசைக்கு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. அதை எந்தத் தோல் அறுவையாலும் எடுக்க முடியாது, எடையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

தொங்கும் மடிப்புக்கு அடியில் ஓயாமல் அரிப்பும் புண்ணும் துர்நாற்றமும். மெடிக்கல் ஷாப்பில் தரும் களிம்பைத் தடவினால் இரண்டு நாளில் குறைகிறது, நிறுத்தியதும் திரும்பிவிடுகிறது. (46 வயது, மதுரை)

அந்தக் களிம்பை முதலில் நிறுத்துங்கள். சீட்டு இல்லாமல் கேட்டவுடன் எடுத்துத் தரப்படும் களிம்புகளில் பல, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி, வீரியமான ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்தவை. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கிவிடும், ஆனால் பூஞ்சையை வளரவிட்டுத் தோலையும் காகிதம்போல் மெலியச் செய்துவிடும். நாளை அறுவை சிகிச்சை செய்யும்போது அந்த மெலிந்த தோலில்தான் நாங்கள் தையல் போட வேண்டியிருக்கும்.

வியர்வையும் உராய்வும் காற்றோட்டமின்மையும் சேர்ந்து மடிப்புக்குள் உண்டாக்கும் இந்த அழற்சியில், கேண்டிடா என்னும் பூஞ்சை எளிதாகக் குடியேறும். குளித்த பின் மடிப்பைத் தூக்கி ஒற்றித் துடைத்து, காற்றில் உலரவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை மடிப்புக்குள் வையுங்கள். பாவாடை நாடாவை மடிப்பின் மேல் இறுக்கிக் கட்டுவதைத் தவிருங்கள். அந்த மெல்லிய கயிறு பதிந்த இடத்திலேயே புண் தொடங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அகலப் பட்டை வைத்துத் தைத்த பாவாடை பரவாயில்லை. தோல் மருத்துவரிடம் சென்று ஸ்டீராய்டு கலக்காத மருந்து வாங்குங்கள், சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை புண் வரும்போதும் தேதியுடன் புகைப்படம் எடுத்து, மருந்துச் சீட்டுடன் சேர்த்து வையுங்கள். காப்பீடு பற்றிய அடுத்த பதிலைப் படித்தால் காரணம் புரியும்.

இரைப்பை அறுவைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தந்தது. தோலை அகற்றுவதற்கு மட்டும் "அழகு சிகிச்சை" என்று மறுத்துவிட்டது. இது நியாயமா? (41 வயது, சேலம்)

என்னை மிகவும் வருத்தும் கேள்வி இது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொதுவான விதிகளின்படி, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீட்டெண்) 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், தீவிர உறக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவை சேர்ந்திருந்தாலோ எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்க வழி உண்டு. அழகு மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரி தனி விலக்காக வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அந்த விலக்கின் வாசகத்தை முழுவதுமாகப் படியுங்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்காக மருத்துவ ரீதியில் தேவைப்படும் சிகிச்சையும் அந்த விலக்கில் சேராது. பின்னதற்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சான்று வேண்டும்.

ஆகவே "வயிறு தொங்குகிறது" என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு மறுப்புதான் வரும். மருந்துக்குக் கட்டுப்படாமல் திரும்பத் திரும்ப வரும் புண், கிருமித் தொற்று, நடக்க முடியாத நிலை, கூடவே குடலிறக்கம் ஆகியவை இருந்தால் அவற்றைப் பல மாத மருந்துச் சீட்டுகளுடனும் படங்களுடனும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதினாலும் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. மறுப்பு வந்தால் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்; கட்டணம் இல்லை, தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காதவர்கள் சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறையில் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

அமெரிக்காவின் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி என்னும் பெண்நோய் மருத்துவர், பருத்துத் தொங்கிய வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டியெடுத்த அறுவையைப் பதிவு செய்தது 1899-ல். அழகு நிலையங்கள் இதைக் கையில் எடுப்பதற்கு வெகு காலம் முன்பே மருத்துவமனையில் பிறந்த சிகிச்சை இது.

இரைப்பை அறுவை முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. 46 கிலோ குறைந்துவிட்டது. உடனே தோல் அறுவையும் செய்துகொள்ளலாமா? (38 வயது, கோவை)

பொறுங்கள். இரைப்பை அறுவைக்குப் பின் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும், அவற்றில் கடைசி 6 மாதங்களாவது எடை ஏறாமலும் இறங்காமலும் நின்றிருக்க வேண்டும். இன்னும் 10 கிலோ குறைய வாய்ப்புள்ள நிலையில் வெட்டித் தைத்தால், ஓராண்டில் தோல் மறுபடியும் தளரும், இரண்டாவது முறை மேசையில் படுக்க நேரும். பிஎம்ஐ 30-க்குக் கீழ் வந்துவிட்டால் மிக நல்லது. 35-ஐத் தாண்டினால் தையல் பிரிவதும் தொற்றும் கூடுகின்றன.

காத்திருக்கும் காலத்தை வீணான காலமாக எண்ணாதீர்கள். புண் ஆறுவதற்கு வேண்டிய பொருள்களை உடலில் சேர்க்கும் காலம் அதுவே. இரைப்பை சுருங்கியவர்கள் இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டதாக உணர்வார்கள், அதில் கிடைக்கும் புரதமோ ஏறக்குறைய 4 கிராம். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம் என்று கணக்கிட்டு, தட்டில் முதலில் முட்டை, மீன், பனீர், சுண்டல், தயிர் ஆகியவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வாருங்கள். இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி, அல்புமின் (ரத்தத்திலுள்ள புரதம்) ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். இரும்பு மாத்திரை உங்கள் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். ரத்தசோகை தீராவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கும், அதற்கும் சில வாரங்கள் பிடிக்கும்.

புகைப்பவராக இருந்தால் அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரங்கள் அடியோடு நிறுத்த வேண்டும். நிகோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், இழுத்துத் தைத்த தோலின் விளிம்பு ரத்தமின்றிக் கறுத்து அழுகிப்போகும். இதை நான் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒருவர் புகைத்துக்கொண்டே இருந்தால் அவருக்கு இந்த அறுவையை நான் செய்வதில்லை.

மௌன்ஜாரோ ஊசி போட்டு எடை குறைந்தது. அறுவைக்கு முன் ஊசியை நிறுத்த வேண்டுமா? (சென்னை)

2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த இந்த மருந்தும் இதே வகையைச் சேர்ந்த செமாகுளுடைடும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருந்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. வாராந்திர ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தும்படி அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023-ல் அறிவுறுத்தியது. 2024-ல் வந்த கூட்டு வழிகாட்டுதல், பலர் தொடரலாம், ஆபத்து கூடியவர்கள் முந்தைய 24 மணி நேரம் திரவ உணவு மட்டும் எடுக்கலாம் என்று ஆளுக்கேற்ற முடிவுக்கு விட்டது. ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தழும்பு தெரியாமல் லைப்போசக்‌ஷனிலேயே தோலை எடுத்துவிடலாம் என்று ஒரு அழகு நிலையத்தில் சொல்கிறார்கள். டம்மி டக் என்பது வேறா? (36 வயது, வேலூர்)

லைப்போசக்‌ஷன் கொழுப்பை உறிஞ்சும், தோலை எடுக்காது. ஏற்கெனவே தொங்கும் தோலுக்கு அடியிலிருந்து கொழுப்பை மட்டும் உறிஞ்சினால் தொங்கல் கூடும். தழும்பில்லாமல் இதைச் செய்ய வழியில்லை. அப்படிச் சொல்பவர் உண்மை சொல்லவில்லை.

தொங்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது பனிகுலெக்டமி. புண், தொற்று, நடக்கத் தடை ஆகியவற்றுக்கு அதுவே போதும். டம்மி டக் எனப்படும் அப்டாமினோபிளாஸ்டியில் தோலை விலா எலும்பு வரை பிரித்து, விலகிய வயிற்றுத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்துத் தொப்புளுக்குப் புது வாசல் அமைப்போம். இரண்டிலும் தழும்பு இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை உள்ளாடைக் கோட்டில் ஓடும். மிக அதிகம் எடை குறைத்தவர்களுக்குத் தோல் அகலவாக்கிலும் மிஞ்சுவதால் நடுவயிற்றில் செங்குத்தாக இன்னொரு தழும்பும் தேவைப்படலாம். அது சிவந்து தடித்து, பின் மங்குவதற்கு 12 முதல் 18 மாதங்கள் ஆகும். பித்தப்பைக்காக வலது விலா ஓரத்தில் பழைய நீள் தழும்பு இருந்தால் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள், அது தோலுக்கு வரும் ரத்த ஓட்டத்தைத் தடுத்திருக்கும்.

அறுவை செய்பவர் எம்.எஸ். முடித்துப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டிஎன்பி, டிஆர்என்பி பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

எனக்கு 27 வயது. இன்னும் குழந்தை இல்லை. இப்போதே இந்த அறுவையைச் செய்துகொள்ளலாமா? (தஞ்சாவூர்)

கர்ப்பம் தரித்தால் தைத்த தசையும் தோலும் மீண்டும் விரியும். குழந்தைக்கோ பிரசவத்துக்கோ இதனால் பெரிய தடை இல்லை, ஆனால் அறுவையின் பலன் போய்விடும். குழந்தைப் பேறு முடிந்த பின் செய்துகொள்ளுங்கள். புண் தாங்க முடியாத அளவில் இருந்தால் மட்டும் முன்கூட்டியே யோசிக்கலாம்.

அறுவைக்குப் பின் எத்தனை நாளில் வீட்டு வேலை செய்யலாம்? என்னென்ன ஆபத்துகள்? (52 வயது, தூத்துக்குடி)

ஒன்று முதல் மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் நீர் தேங்குவதே பெரும்பாலும் வரும் தொல்லை; அதற்காகத்தான் குழாய் வைக்கிறோம், ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழ் வடியும்போது எடுப்போம். முதல் வாரம் நிமிர்ந்து நடக்காமல் சற்றுக் குனிந்தே நடக்க வேண்டும், ஆனால் நடக்காமல் மட்டும் இருக்கக் கூடாது. அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நடக்க வைப்பதும் ஹெப்பாரின் ஊசி போடுவதும் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடாமல் தடுக்கத்தான். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத் திணறல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேசை வேலைக்கு 2 முதல் 4 வாரங்களில் திரும்பலாம். ஆறு வாரங்கள் இறுக்கப் பட்டை அணிய வேண்டும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. ஆகவே தேதி குறிக்கும் முன், அந்த ஆறு வாரமும் வீட்டில் யார் சமைப்பார்கள், யார் தண்ணீர் பிடிப்பார்கள் என்பதைக் குடும்பத்தாருடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அடிவயிற்றில் பல மாதங்களுக்கு மரத்துப் போன உணர்வு இருக்கும், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவும் நின்றுவிடும். அந்த இடத்தில் சூடு தெரியாது என்பதால், வலிக்கிறதென்று வெந்நீர்ப் பையையோ துணி ஒத்தடத்தையோ அங்கே வைக்காதீர்கள். தோல் வெந்துபோனது, கொப்புளத்தைக் கண்ணால் பார்த்த பிறகே தெரியவரும்.