சிவப்பு, நீலம் பூசும்போது படம் விலகுகிறதா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டிலேயே கம் பைக்ரோமேட் முறையில் படம் போடுகிறேன். பிசின், வண்ணப்பொடி, பொட்டாசியம் டைக்ரோமேட் கலந்து பேப்பரில் பூசி, மேலே நெகட்டிவ் வைத்து வெயிலில் இறுகவிட்டு, இறுகாததைத் தண்ணீரில் கழுவுவேன். மஞ்சள் பூச்சு நன்றாக வருகிறது. அதன்மேல் சிவப்பு, நீலம் பூசியதும் கோயில் தூணின் விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன. நெகட்டிவைப் பொருத்திப் பிடிக்க ஆன்லைனில் ஒரு செட் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். எல்லா ஓரத்திலும் ஒரே அளவு, ஒரே பக்கமாக விலகியிருந்தால் நெகட்டிவ் வைக்கும்போது கை நகர்ந்திருக்கிறது, செல்லோடேப்பே போதும். இடது ஓரம் சரியாக நின்று, வலது பக்கம் போகப்போக நூலளவு விலகினால், பேப்பரோ நெகட்டிவோ அளவு மாறிவிட்டது. அதை எந்த செட்டாலும் சரிசெய்ய முடியாது.

நிறத்துக்கு ஒன்றாக உள்ள மூன்று நெகட்டிவையும் அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். அங்கேயே பொருந்தவில்லை என்றால் ஃபிலிம் அடித்துக் கொடுத்த கடைதான் காரணம். 'ஃபிட் டு பேஜ்' போட்டுத் தட்டிவிட்டு, "எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்பார்கள். நூறு சதவீத அளவில், மூலைகளில் கூட்டல் குறியோடு, பக்கத்தில் நின்று அடித்து வாங்குங்கள். கடையிலேயே அடுக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நெகட்டிவ் சரி என்றால் பேப்பர்தான். ஒவ்வொரு பூச்சையும் தண்ணீரில் ஊறவைத்துத்தானே கழுவுகிறீர்கள்? ஊறும்போது பேப்பர் விரியும், காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். கெட்டியான பருத்தி பேப்பரைச் சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, தொங்கவிட்டு முழுக்கக் காயவிடுங்கள். இரண்டு தடவை செய்தால் நல்லது. நிறம் பேப்பருக்குள் இறங்காமலிருக்க ஜெலட்டின் பூசுவது அதற்கு அப்புறம்தான்.

பேப்பரை அலுமினியத் தகட்டில் ஒட்டி வேலை செய்பவர்களுக்கு மட்டும் இது தேவையில்லை. தகடு சுருங்காது, பேப்பரையும் சுருங்க விடாது. ஆனால் ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்ட வேண்டும். பசை தண்ணீரைத் தாங்க வேண்டும். மைதா பசை முதல் கழுவலிலேயே விட்டுவிடும். ஓரத்தில் மட்டும் ஒட்டினால் நடுவில் உப்பும். படம் முடிந்தபின் தகட்டிலிருந்து உரிப்பதும் லேசில்லை. இவ்வளவும் முடியும் என்றால் செய்யுங்கள்.

சாரல் மாதங்களில் ஒன்றைக் கவனியுங்கள். ஈரக்காற்றில் பூச்சு இருட்டிலேயே இறுகிவிடும். காய்ந்ததும் அன்றைக்கே வெயிலில் வையுங்கள்.

பிசினிலும் ஏமாறாதீர்கள். நாட்டுமருந்துக் கடையில் வெறுமனே பிசின் என்று கேட்டால் பாதாம் பிசினை எடுத்துத் தரலாம். அது தண்ணீரில் ஊதி நிற்குமே தவிர கரையாது. கருவேலம் பிசின் என்று பெயர் சொல்லி வாங்குங்கள்.

கடைசியாக, பொட்டாசியம் டைக்ரோமேட் புற்றுநோய் வரவழைக்கும் சரக்கு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூள் பறக்க விடாதீர்கள். நமக்குத் தேவை இருபது கிராம். கடைக்காரர் தலையில் கட்டுவதோ அரைக் கிலோ டப்பா. மிச்சத்தையும் கழுவிய தண்ணீரையும் தனியாள் எங்கே ஒப்படைப்பது என்று கேட்டால், ஒவ்வொரு ஆபீஸும் இன்னொரு ஆபீஸைக் கை காட்டும். அதற்காக வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், அது தாமிரபரணிக்குத்தான் போகும். மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, வேதியியல் ஆய்வகம் உள்ள ஏதாவது கல்லூரியில் பேசிப் பாருங்கள்.