அம்மாவைப் பார்க்க லீவு கேட்டால் முதலாளி மறுக்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் ஓகஸ்டில் சேர்ந்தேன். அம்மாவுக்கு ஒபரேஷன். கூட இருந்து பார்க்க ஒரு மாத லீவு கேட்டால் 'அப்படி ஒரு லீவே இல்லை' என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்:

கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் மனேஜர் சொன்னது முக்கால்வாசி உண்மை. பெற்றோரைப் பராமரிக்கவென்று தனியார் ஊழியருக்கு இலங்கையில் தனி லீவு கிடையாது. உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் 'பெற்றோரைப் பார்க்க 12 வாரம் லீவு உண்டு' என்று எழுதியிருக்கிறாரே, அது அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 12 வாரமும் சம்பளம் இல்லாத லீவுதான். அதைக் கொண்டுபோய் மனேஜரிடம் நீட்டிவிடாதீர்கள்.

நீங்கள் கடை அல்லது ஒபிஸ் ஊழியர் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் உங்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், அதாவது கடை, காரியாலய ஊழியர் சட்டம். அதில் கஷுவல் லீவு வருடத்துக்கு 7 நாள். முதல் வருடத்தில் மட்டும் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள். உங்களுக்கு ஒரு வருடம் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். சொந்த அலுவல், சுகயீனம், நியாயமான வேறு காரணம் எல்லாம் அந்த ஏழுக்குள்தான். உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதில்தான் கழியும், அம்மா விழுந்தாலும் அதில்தான் கழியும். வருடாந்த லீவு முழுதாக 14 நாள். ஆனால் ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 7 நாள்தான் கிடைக்கும். எல்லாம் கூட்டினால் உங்களுக்கு 14 நாள், கேட்டதில் பாதி.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

2018 செப்டெம்பரில் அம்மா சாம்பல்தீவு வீட்டில், கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நான் அப்போது டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்ட்டில் இரவில் ஆண்கள் நிற்க முடியாது, அதனால் இரவுக்கு மனைவி, பகலுக்கு நான். வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை. மூன்றாம் நாள் லீவு கேட்கப் போனேன்.

மனேஜர் கத்தவில்லை, ஏசவில்லை. கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் முன்னால் வைத்தார். "சொந்தக் காரணத்துக்காக விலகுறன் எண்டு ஒரு வரி எழுதுங்க. அம்மா சுகமானதும் திரும்ப எடுப்பம், எங்கட பிள்ளை மாதிரித்தானே நீங்க" என்றார். அந்தப் பிளேன்டீயும் அந்தச் சொல்லும் என்னை உருக்கிவிட்டன. திகதியும் போட்டுவிட்டேன். பெயரை எழுத இருந்தபோது போன் வந்தது, வெளியே வந்தேன்.

வாசலில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாட்டாமி ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். "தம்பி, கடிதம் குடுத்தா நீ போனதா முடியும். குடுக்காட்டி அவங்க அனுப்பினதா முடியும். ரெண்டும் ஒண்டில்ல" என்றார். அதிகம் படித்தவர் அல்ல. ஆனால் பிறகு நான் கேட்ட எந்தச் சட்ட விளக்கமும் அதைவிடத் தெளிவாக இருக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போகலாம். நீங்களாக விலகியதாகக் கையெழுத்து இருந்தால் அங்கே போய் எதைச் சொல்வது?

எழுதவில்லை. அடுத்த நாள் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். நியமனக் கடிதம் எனக்குத் தந்ததே இல்லை, அந்தக் கடையில் வேலை என்று காட்ட ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம்தான் கைகொடுத்தது. அந்த வருடம் எடுத்த லீவை எண்ணிப் பார்த்தால் வருடாந்த லீவில் 11, கஷுவலில் 4 மிச்சம். கடையில் யாரும் வருடாந்த லீவு என்று ஒன்றை எடுத்ததே இல்லை, தீபாவளிக்கு இரண்டு நாள் விட்டால் அதையே பெரிய உபகாரமாக நினைத்தோம். 15 நாளுக்கு விண்ணப்பம் எழுதி, ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினேன். வருடாந்த லீவை எந்தத் திகதியில் எடுப்பதென்று இரு தரப்பும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும், ஆனால் ஒரேயடியாக மறுக்க முடியாது. குறைந்தது 7 நாளாவது தொடர்ச்சியாகத் தர வேண்டும். தந்தார்கள். பிறகு இரண்டு வாரம் நோ பே, அதாவது சம்பளமில்லாத லீவு, அது அவர்கள் விரும்பித் தந்தது.

'சின்னக் கடை முதலாளி எப்படிச் சமாளிப்பார்' என்று கேட்க வருபவர்களுக்கு: தெரியும். நான் போன வாரங்களில் அவருடைய மகன்தான் பில் போட்டான், பிழைபிழையாக. அதை மறுக்கவில்லை. நான் சட்டத்தரணியும் இல்லை. ஆனால் அயல்வீட்டு அண்ணருக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரச வேலை. அவருக்கு ஓய்வு லீவு 24, கஷுவல் 21, மொத்தம் 45 நாள். பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு 3 நாள். என் மகன் பிறந்தபோது நான் பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். 'அரச வேலைக்கு முயற்சி செய்திருக்கலாமே' என்று இன்னமும் சொல்லும் மாமாமார் இதையும் வாசிக்கட்டும்.

அந்த 12 வாரத்துக்கு வருகிறேன். என் அண்ணா இருப்பது அமெரிக்காவில். அம்மா வார்ட்டில் கிடந்தபோது தினமும் வாட்ஸ்அப்பில் வந்து "எங்கட நாட்டில தாய் தகப்பனுக்கு வருத்தம் எண்டா 12 கிழமை லீவு, வேலையில கை வைக்க ஏலாது" என்று வகுப்பெடுத்தார். அவர் அந்த 12 கிழமையில் ஒரு கிழமையைக்கூட எடுத்து வரவில்லை. காசு அனுப்பினார், மறைக்கவில்லை. எந்த டொக்டர், எந்த மருந்து, கஞ்சியில் எவ்வளவு உப்பு என்பது வரை அங்கிருந்தே தீர்மானித்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணா வீட்டில் ஒருவர் வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும்: 50 பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாதாம், அண்ணா வேலை செய்யும் கடையில் எல்லாமாக ஒன்பது பேர். இதை அப்போதே சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்க மாட்டேன். இன்றுவரை அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

சரி, உங்கள் விஷயம். 14 நாளுக்கு எழுத்தில் கேளுங்கள், மிச்சத்தை நோ பே ஆகக் கேளுங்கள், டொக்டரின் கடிதத்தை இணையுங்கள். பிளேன்டீ தந்தால் குடியுங்கள். கூடவே ஒரு தாளும் வந்தால், அதில் என்ன எழுதச் சொல்கிறார்கள் என்பதைக் கீழே போடுங்கள், இரவு ஒன்பதுக்குப் பிறகு பார்ப்பேன்.