லிட்மஸ் தாள் நீலமானால் பனிக்குடம் உடைந்துவிட்டதா?

குடியாத்தம் அருகிலிருந்து ஒரு தாயின் கேள்வி: “என் மகளுக்கு 33ஆவது வாரம் நடக்கிறது. இரண்டு நாளாகத் தண்ணீர்போலக் கசிகிறது. மகன் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்ததில் நீலமாகிவிட்டது. வீட்டுக்கு வந்த குடிநீர் இயந்திர விற்பனையாளர், பனிக்குட நீரில் அமிலம் கூடிவிட்டது, காரத்தன்மையுள்ள நீர் குடித்தால் சரியாகும் என்கிறார். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

பெண்ணின் பிறப்புறுப்பில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருப்பதால், அங்கே அமிலகார அளவு (pH; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை, அதாவது புளிப்பான நிலையில், இருக்கும். பனிக்குட நீரோ 7-க்குச் சற்று மேலே, ஏறக்குறைய இரத்தத்தைப்போல, மெல்லிய காரத்தன்மை உடையது. புளிப்பான இடத்தில் காரமான நீர் வந்து சேர்ந்தால் தாள் நிறம் மாறும். சோதனையின் அடிப்படை இவ்வளவுதான். தாள் நீலமானது காரத்தைக் காட்டுகிறது; உங்கள் வீட்டுக்கு வந்தவரோ அமிலம் என்கிறார். அவர் விற்க வந்த பொருளின் அரிச்சுவடியே அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் நீலத்தை மட்டும் நம்பி முடிவு செய்யவும் முடியாது. லிட்மஸ் 4.5-க்கும் 8.3-க்கும் இடையே மெல்ல மெல்ல நிறம் மாறும் தாள். மருத்துவமனைகளில் பயன்படும் நைட்ரசீன் தாள் 6-க்கும் 7-க்கும் இடையிலேயே மஞ்சளிலிருந்து நீலமாகிவிடும். அந்தத் தாளையும் இரத்தமும் விந்தும் ஏமாற்றிவிடும். நம் ஊர் வெயிலில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு காரணம். நீர்க்கடுப்பு என்று மருந்துக் கடையில் சொன்னாலே சிட்ரேட் கலந்த சிரப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கர்ப்பிணியா என்று கேட்பவர்கள் குறைவு. வழக்கமாக 6-ஐ ஒட்டி அமிலமாக இருக்கும் சிறுநீரைக் காரமாக்குவதுதான் அந்த சிரப்பின் வேலை. எட்டாம் மாதத்தில் குழந்தையின் தலை மூத்திரப்பையை அழுத்துவதால் சிறுநீர் தன்னையறியாமல் கசிவதும் இயல்பே. சிரப் குடித்திருந்தால் அந்தச் சிறுநீர்க் கசிவே தாளை நீலமாக்கும். பனிக்குடம் முழுசாகவே இருக்கும். சிறுநீரில் சிலவகைக் கிருமிகள் தொற்றினாலும் இதே நிலைதான். ஆகவே மகள் கடந்த ஒரு வாரத்தில் என்ன சிரப் குடித்தாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சிரப் குடித்தாள் என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

உறுதி செய்ய, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும், கிருமி நீக்கிய ஸ்பெகுலம் கருவியை வைத்து நீர் தேங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் உலர்த்தி நுண்ணோக்கியில் பார்த்தால், பனிக்குட நீரின் உப்புகள் பெரணி இலைபோலப் படிந்திருக்கும். பத்து நிமிட வேலை. இதற்கும் பரிந்துரைச் சீட்டு எழுதி, வலியில்லாத பெண்ணை வரிசையில் உட்காரவைத்து, மூன்று இடம் அலையவிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

காரநீர் என்ன குடித்தாலும் வயிற்று அமிலம் அதைச் சமன் செய்துவிடும். நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிறுத்திவைக்கும். பனிக்குடம் வரை அந்தத் தண்ணீரின் காரம் போய்ச் சேராது. இன்னொருவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். வேலூரில் இறங்கியதுமே “ஸ்கேன் எடுத்துத் தருகிறேன்” என்று ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளும் தரகர் அவர். ஸ்கேனில் நீரின் அளவு சரியாகத் தெரிந்தாலும் குடத்தில் கசிவு இருக்கலாம். ஸ்கேன் மட்டும் பதிலாகாது.

குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேராகச் செல்லுங்கள். காய்ச்சல், துர்நாற்றம், பச்சை நிற நீர், இரத்தம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். உள்ளே விரலை விட்டுப் பார்க்க யாரையும் வீட்டில் அனுமதிக்காதீர்கள், கிருமி ஏறும். கசிவு உண்மையானால் நோய்த்தொற்றைத் தடுக்க மருந்தும், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசியும் தேவைப்படும்; அந்த ஊசியை வழக்கமாக 34 வாரத்துக்குள் போடுவார்கள், உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. உலர்ந்த, வாசனையில்லாத பஞ்சுத் துணியை வைத்துக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். நனைந்த துணியை எறிந்துவிடாமல், தாய் சேய் நல அட்டையோடும் சிரப் பாட்டிலோடும் சேர்த்து எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.